கைவிடப்பட்ட இயங்குதளத்துக்கு ஒரு திருத்தக் கட்டு

காரைக்குடியில், கொப்புடையம்மன் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் அச்சகம் இருக்கிறது. மண அழைப்பிதழ், மணிவிழா மலர், கோயில் புள்ளி வரி ரசீது ஆகியவற்றை அச்சிடுவது அதன் தொழில். முன்கட்டில் புதிய கணிப்பொறிகள் இரண்டு உள்ளன. பின்கட்டில், தூசு படாதவாறு துணியால் மூடிவைத்த பழைய கணிப்பொறி ஒன்று இருக்கிறது. 2004-ஆம் ஆண்டில் வாங்கியது. அதில் இயங்குவது விண்டோஸ் எக்ஸ்பி. 2001-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் விற்பனைக்கு வந்த அந்த இயங்குதளத்துக்கு அளித்துவந்த பராமரிப்பை, அதனை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது.

அந்தப் பின்கட்டுப் பொறிக்கு வேண்டிய திருத்தங்களைத் தேடித் திரட்டி, வரிசைப்படுத்தி, ஒரே கட்டாகக் கட்டிப் பாதுகாத்து வரும் வேலை பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இதற்கு எந்த நிறுவனத்தின் நியமன உத்தரவும் கிடையாது, சம்பளமும் கிடையாது. உலகின் பல பகுதிகளிலும் இத்தகைய கட்டுகளை ஆக்கிக் காத்து வருவோர் இருக்கின்றனர். அவர்கள் செய்யும் காரியம் யாது, அதை ஏன் செய்கிறார்கள், எதுவரை செய்ய முடியும் என்பவற்றை மாணவ நேயர்களுக்குச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

முதலில், அந்தப் பழம்பொறியை ஏன் எடைக்குப் போட்டுவிடக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அச்சகத்தின் பழைய வேலைகள் அனைத்தும் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் செய்யப்பட்டவை. அதன் இறுதிப் பதிப்பு 2001-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிறகு அது வளரவில்லை. அவற்றில் உள்ள தமிழோ, இன்று நாம் பயன்படுத்தும் ஒருங்குறித் தமிழ் அன்று. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் எழுத்துகளின் உருவங்களைப் பொருத்திவைத்த பழைய எழுத்துருக்கள் அவை. உதாரணமாக, பாமினி என்ற எழுத்துருவில் ஆங்கில ‘எம்’ எழுத்தின் இடத்தில் ‘அ’ இருக்கும். கண்ணுக்குத் தெரிவது ‘அ’. கணிப்பொறியின் நினைவில் இருப்பது ‘எம்’. எழுத்துரு இல்லாத வேறு பொறியில் அதே கோப்பைத் திறந்தால், மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கல் நிற்கும். எழுத்துரு விற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வோர் அட்டவணை. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாம், டாப் என இரு பொது அட்டவணைகளை அறிவித்தது. அதற்குள் கடைகளில் வேரூன்றிவிட்ட பழைய அட்டவணைகள் மறைந்துபோய்விடவில்லை.

மற்றொரு காரணமும் உண்டு. அந்த அச்சகத்தின் எழுத்துரு மென்பொருள், கணிப்பொறியின் முதுகில் செருகிய சிறு பூட்டு ஒன்றை ஒவ்வொரு முறையும் விசாரித்த பிறகே இயங்கும். அந்தப் பூட்டைச் செருகுவதற்கு உரிய அகன்ற வாய் இப்போது விற்கும் பொறிகளில் இல்லை. வாயை வாங்கி ஒட்டினாலும், பூட்டோடு பேசும் துணை நிரல் புதிய இயங்குதளங்களில் ஓடுவதில்லை. ஆகவே, பூட்டு, எழுத்துரு, பேஜ்மேக்கர், எக்ஸ்பி ஆகிய நான்கும் கூட்டுக் குடும்பம் போல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றைப் பிரித்தால் வீடு சரிந்துவிடும்.

இயங்குதளம் என்பது யாது? நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கிட்டங்கி வைத்து வட்டிக்கடை நடத்திய காலத்தில், முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்துபவர் மேலாள். அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அவருக்குக் கீழே. பெட்டிச் சாவி மேலாளிடம். யாருக்குப் பணம் தரலாம், யாரைத் திண்ணையோடு அனுப்ப வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார். கணிப்பொறியில் இயங்குதளம் அந்த மேலாளைப் போன்றது. நீங்கள் எழுதும் செயலியோ, படம் வரையும் செயலியோ நேராக வட்டையும் நினைவகத்தையும் தொட முடியாது. இயங்குதளத்தைக் கேட்டே தொட வேண்டும். ஊரிலிருந்து முதலாளி எழுதும் கடிதங்களைப் போல, நிறுவனத்திடமிருந்து திருத்தங்கள் வரும்: ‘இன்ன வாசலில் திருடன் நுழைகிறான், அதை அடைத்துவிடு, இன்ன கணக்கில் தவறு இருக்கிறது, இப்படி மாற்று’ என்று. கடிதம் வருவது நின்றபோது மேலாள் செத்துவிடவில்லை. கடையும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் புதிய திருடர்களைப் பற்றி அவருக்கு இனி யாரும் சொல்ல மாட்டார்கள்.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு திருத்தம் என்றால் ஒரு வரியை மாற்றிவிடுவது மட்டும் அன்று. அந்த மாற்றம் எத்தனை வகைப் பொறிகளில், எத்தனை மொழிப் பதிப்புகளில், எந்தெந்தச் செயலிகளோடு மோதும் என்பதைச் சோதிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் எக்ஸ்பிக்கு அந்தச் செலவைச் செய்தார்கள். குறை கூறலாம், நன்றி மறக்கலாகாது.

இத்தகைய கட்டுகள் எக்ஸ்பிக்காக முதன்முதலில் தோன்றியவை அல்ல. விண்டோஸ் 98 என்ற இயங்குதளத்தின் இரண்டாம் பதிப்பு 1999-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு நிறுவனம் நூற்றுக்கணக்கான தனித் திருத்தங்களை வெளியிட்டதே அன்றி, அவற்றையெல்லாம் ஒன்றுதிரட்டிய தொகுப்பு ஒன்றை வெளியிடவில்லை. அதன் பராமரிப்பு 2006-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் முடிவுற்றது. நிறுவனம் செய்யாது விட்ட அந்தத் தொகுப்பைத் துருக்கி நாட்டைச் சேர்ந்த ஓர் ஆர்வலர் தாமே செய்து, பல ஆண்டுகள் புதுப்பித்து வந்தார். உலகெங்கும் அதனைப் பயன்படுத்தினர்.

அந்தக் கட்டுகளில் இருந்தவை எத்தகைய பிழைகளுக்கான திருத்தங்கள் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். இரண்டும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தக்கவை. விண்டோஸ் 95-உம் 98-உம் பொறியை முடுக்கியது முதல் கழிந்த நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடி என்ற அலகில் எண்ணி வந்தன. அந்த எண்ணைக் குறிக்க ஒதுக்கப்பட்டவை 32 இருமக் கட்டங்கள். அவற்றில் அடங்கும் எண்கள் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் வீதம் வகுத்துப் பாருங்கள்: 49.7 நாட்கள் வரும். ஐம்பதாம் நாள் எண்ணி பூச்சியத்துக்குத் திரும்பும். பொறி திகைத்து நின்றுவிடும். அந்நாளில் அந்தப் பொறிகளை ஐம்பது நாள் நிறுத்தாமல் ஓட்டியவர் மிகச் சிலரே ஆதலால் பிழை நெடுங்காலம் வெளிப்படாமல் இருந்தது. நிறுவனமே அதற்குத் திருத்தம் வெளியிட்டது. கட்டு செய்தவர்கள் அதைத் தேடி எடுத்து மற்றவற்றோடு கோத்தார்கள்.

இரண்டாவது சற்று அபாயமானது. வட்டில் உள்ள அறைகளுக்கு விண்டோஸ் 98-இன் வட்டு நிரல் 28 இருமக் கட்டங்களில் இலக்கம் இட்டது. ஓர் அறைக்கு 512 பைட்டு. பெருக்கினால் ஏறத்தாழ 13,744 கோடி பைட்டு, அதாவது 137 கிகாபைட்டு. அதைவிடப் பெரிய வட்டைப் பொருத்தினால், எல்லை கடந்ததும் இலக்கம் மறுபடியும் தொடக்கத்துக்கு வந்து, முன்பே எழுதியிருந்தவற்றின் மேலேயே எழுதத் தொடங்கும். எச்சரிக்கை ஏதும் வராது. எக்ஸ்பியின் முதல் தொகுப்பில், 2002-ஆம் ஆண்டில், நிறுவனம் இந்த எல்லையை அகற்றியது. விண்டோஸ் 98-க்கு அதைச் செய்யவில்லை. அங்கே வட்டு நிரலைத் தாமே மாற்றியமைத்தவர்கள் வெளியார்.

இனித் தமிழுக்கு வருவோம்; இந்தக் கதையில் தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு. ஒருங்குறியில் ‘கெ’ என்ற எழுத்தைக் கணிப்பொறி எவ்வாறு வைத்துக்கொள்கிறது தெரியுமா? முதலில் ‘க’, அடுத்துக் கொம்பு. திரையில் வரையும்போது கொம்பை முன்னே கொண்டுவர வேண்டும். ‘கொ’ என்றாலோ கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிளக்க வேண்டும். இந்தப் பணியை விண்டோஸில் செய்வது யூனிஸ்க்ரைப் என்ற ஒரே ஒரு கோப்பு. தமிழுக்கான ஏற்பாடும் லதா என்ற எழுத்துருவும் விண்டோஸ் 2000-இல்தான் வந்தன. விண்டோஸ் 98 வைத்திருந்தவர் தமிழ் வலைப்பக்கம் ஒன்றைத் திறந்தால், எழுத்துரு இருந்தாலும் கொம்பு இடம் மாறி நிற்கும். சிலருக்கு வெறுங் கட்டங்களே தெரியும்.

2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அதைத் தமிழ் ஆர்வலர்கள் எவ்வாறு சமாளித்தார்கள்? புதிய பதிப்பு யூனிஸ்க்ரைப் கோப்பை எடுத்து, பழைய பொறியில் உரிய இடத்தில் வைத்தார்கள். ஒரு நெகிழ்தட்டில் அடங்கிவிடும் சிறு கோப்பு. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர்கள் உண்டு. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி அவர்கள் தேனீ என்ற ஒருங்குறி எழுத்துருவை ஆக்கி, விலையின்றி வழங்கினார். வலைப்பக்கத்தோடு சேர்ந்தே இறங்கிவரும் வடிவிலும் அது கிடைத்ததால், பழைய பொறி வைத்திருந்த பலர் தமிழைப் படிக்க முடிந்தது. அவர் 2006-ஆம் ஆண்டில் காலமானார். எக்ஸ்பியில் தமிழ் உள்ளேயே இருந்தது என்றாலும் உறங்கிக் கிடந்தது. மொழி அமைப்புப் பலகையில் ஒரு கட்டத்தைத் தட்டி, நிறுவு தகட்டையும் செருகினால்தான் விழிக்கும். தகட்டைத் தொலைத்துவிட்டவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். என் கட்டில் நான் சேர்த்த முதல் பொருள், தகடு இல்லாமலே அந்தத் தமிழ் வசதியை எழுப்பும் ஏற்பாடுதான்.

ஒரு கட்டு எவ்வாறு ஆக்கப்படுகிறது என்று இப்போது பார்ப்போம். எக்ஸ்பிக்கு நிறுவனமே வெளியிட்ட கடைசித் தொகுப்பு மூன்றாவது தொகுப்பு. 2008-ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முன் வெளியான ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் அதில் அடக்கம். அதுவே அடித்தளம். அதற்குப் பின் 2014 வரை வந்தவை தனித்தனிக் கோப்புகள். அவற்றை ஒவ்வொன்றாக நிறுவிப் பொறியை மீண்டும் மீண்டும் முடுக்கிக்கொண்டிருந்தால் ஒரு பகல் போய்விடும். கட்டு செய்பவன் அவற்றைத் திரட்டி, எந்தத் திருத்தம் எந்தக் கோப்பை எந்தப் பதிப்புக்கு மாற்றுகிறது என்று அட்டவணை எழுதுகிறான். ஒரே கோப்பை ஐந்து திருத்தங்கள் மாற்றியிருந்தால், பெரும்பாலும் கடைசியானது முன்னவற்றையும் உள்ளடக்கியிருக்கும். முதல் நான்கைக் கழித்துவிடலாம். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு திருத்தம் கோப்போடு பதிவேட்டில் ஒரு குறிப்பையும் எழுதியிருக்கலாம். அடுத்த திருத்தம் அந்தக் குறிப்பு ஏற்கனவே இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். கோப்பு புதிது, குறிப்பு இல்லை என்ற நிலை வந்தால், மூன்று மாதம் கழித்து எங்கோ ஒரு மூலையில் கோளாறு தலைகாட்டும்.

மேலாளுக்கு வந்த கடிதங்களைத் தேதி வாரியாகக் கட்டி வைப்பது எளிது. பிந்திய கடிதம் முந்தியதில் எதை ரத்துச் செய்கிறது, எதைத் தொடர்கிறது என்று தெரிந்து கட்டுவதுதான் கணக்கப்பிள்ளையின் திறமை. என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் முக்கால் பங்கு கணக்கு எழுதுவதே. நிரல் எழுதும் மிடுக்கு மிகக் குறைவு.

மாற்ற வேண்டிய கோப்பு அப்போது பயன்பாட்டில் இருந்தால், ஓடும் வண்டியின் சக்கரத்தைக் கழற்ற முடியாதது போல அதை மாற்ற முடியாது. ஆகவே ‘அடுத்த முறை விழிக்கும்போது இந்தப் பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை வை’ என்று பதிவேட்டில் எழுதிவைப்பார்கள். திருத்தத்துக்குப் பின் பொறியை மறுபடி முடுக்கச் சொல்வது இதற்காகத்தான். பழைய கோப்பின் நகல் ஒன்று தனி உறையில் பத்திரப்படுத்தப்படும். திருத்தம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அதைக் கொண்டு பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தொடக்க காலத்தில் நான் செய்த ஒரு கட்டில், மூன்றாம் தொகுப்புக்கு முந்திய பொறிகளுக்கென்று வந்த திருத்தம் ஒன்று கலந்துவிட்டது. பதிப்பு பொருந்தவில்லை என்று அத்திருத்தம் தானே மறுத்திருக்கும். ஆனால், இடையில் நின்று கேள்வி கேட்கும் தொல்லை வேண்டாமென்று, சரிபார்க்கும் வரிகளை நானே நீக்கியிருந்தேன். வட்டில் இடம் மிச்சப்படட்டும் என்று பழைய கோப்புகளின் நகல் எடுக்கும் ஏற்பாட்டையும் நிறுத்தியிருந்தேன். இரண்டு காவலரையும் அனுப்பிவிட்டு வாசலைத் திறந்துவைத்ததற்கு ஒப்பான செயல். வைகாசி மாதம், மூன்று வீட்டு அழைப்பிதழ்கள் பாதியில் நின்றன. பொறி நீலத்திரை காட்டி நின்றுவிட்டது.

அச்சக உரிமையாளர் கோபித்துக்கொள்ளவில்லை. ‘தம்பி, முகூர்த்தத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கு’ என்று மட்டும் சொன்னார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிறுவு தகட்டிலிருந்து மீட்புத் திரையைத் திறந்து, எந்தக் கோப்பு பின்னோக்கிப் போயிற்று என்று கண்டுபிடித்து, தகட்டில் சுருக்கி வைத்திருந்த அசலை விரித்து அதன் இடத்தில் வைக்க இரண்டு இரவுகள் ஆயின. மூன்று அழைப்பிதழ்களும் உரிய காலத்தில் அச்சேறின. அன்று தொடங்கி, எந்தக் கட்டையும் முதலில் அதே வகைப் பழம்பொறி ஒன்றில் என் வீட்டில் நிறுவி, ஒரு வாரம் ஓட்டிய பிறகே வெளியே தருகிறேன். ஒவ்வொரு பதிப்போடும் தமிழில் ஒரு குறிப்பேடு இருக்கும்: என்ன சேர்ந்தது, என்ன கழிந்தது, எப்படித் திரும்புவது என்று.

நம்பிக்கை என்பது இத்தொழிலில் பெரிய விஷயம். முன்பின் தெரியாத ஒருவன் தரும் கட்டை உங்கள் பொறியின் இதயத்தில் வைக்கிறீர்கள். அவன் நல்லவன் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நிறுவனம் வெளியிட்ட கோப்பு ஒவ்வொன்றிலும் இலக்கமுறைக் கையொப்பம் இருக்கும்; அதைச் சோதிக்கலாம். கட்டு முழுவதுக்கும் ஷா-256 என்ற முறையில் கைரேகை போன்ற ஓர் எண் கணக்கிடலாம்; 64 குறிகள் கொண்டது; கட்டில் ஒரு பைட்டு மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். ஆக்கியவர் வெளியிட்ட எண்ணும் உங்களுக்கு வந்த கட்டின் எண்ணும் ஒத்துப்போனால், வழியில் யாரும் கைவைக்கவில்லை என்று அறியலாம். ஆக்கியவரே கைவைத்திருந்தால் அந்த எண் காட்டிக்கொடுக்காது. ஆகவே, கட்டினுள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க இடம் தராதவரின் கட்டை நான் தொடுவதில்லை.

இன்னொரு நுட்பமான இடமும் உண்டு. வங்கியில் மாதிரிக் கையெழுத்துப் புத்தகம் வைத்திருப்பது போல, இணையத்தில் எவருடைய முத்திரையை நம்பலாம் என்ற பட்டியல் இயங்குதளத்தில் இருக்கும். அந்த முத்திரைகளுக்குக் காலவரம்பு உண்டு. பலகோடி வலைத்தளங்கள் நம்பியிருந்த ஒரு மூல முத்திரை 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் காலாவதியாயிற்று. பட்டியல் புதுப்பிக்கப்படாத பழம்பொறிகள் பல அன்றோடு எத்தனையோ தளங்களைச் சந்தேகிக்கத் தொடங்கின. கட்டு செய்வோர் புதிய பட்டியலைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆனால் அப்பட்டியலில் கள்ள முத்திரை ஒன்றை நுழைத்துவிட்டால், திருடன் வங்கி அதிகாரி வேடத்தில் வருவான். பொறி எழுந்து நின்று வணங்கும்.

சட்டமும் பார்க்க வேண்டும். ஆட்டோபேட்சர் என்ற புகழ்பெற்ற கட்டு, நிறுவனத்தின் திருத்தக் கோப்புகளைத் தானே வழங்கி வந்தது. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மைக்ரோசாப்ட் அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. பின்னர் அது வேறு உருவில் வந்தது: கோப்புகளைத் தான் தராமல், நிறுவனத்தின் கிடங்கிலிருந்தே பயனர் பொறிக்கு இறக்கி, வரிசைப்படுத்தி நிறுவும் கருவியாக. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறைப்படி பெற்ற மென்பொருளைச் சொந்த உபயோகத்துக்காக, வணிக நோக்கமின்றி, நகலெடுக்கவும் மாற்றியமைக்கவும் இடம் தருகிறது. பிறர் ஆக்கிய கோப்பை ஊருக்கெல்லாம் வழங்குவது அதனினும் வேறான செயல். ஆகவே என் கட்டில் இருப்பவை வரிசைப் பட்டியலும், நிறுவும் கட்டளைகளும், குறிப்பேடும் மட்டுமே. ஆனால் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பழைய ஷா-1 முறையில் கையொப்பமிட்ட கோப்புகளை நிறுவனம் தன் பதிவிறக்கத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

2014-க்குப் பிறகும் எக்ஸ்பிக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன என்பது ஒரு விந்தை. கடைகளில் ரசீது போடும் பொறிகளுக்கென எக்ஸ்பியின் உடன்பிறப்பு ஒன்று இருந்தது. போஸ்ரெடி 2009 என்று பெயர். அதற்குப் பராமரிப்பு 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் வரை தொடர்ந்தது. எக்ஸ்பியின் பதிவேட்டில் ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டால், அது தன்னைப் போஸ்ரெடி என்று சொல்லிக்கொண்டு அந்தத் திருத்தங்களைப் பெற்றுவிடும். இதை 2014-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே வெளியார் கண்டுபிடித்தனர். அவை எக்ஸ்பியில் சோதிக்கப்பட்டவை அல்ல என்று நிறுவனம் எச்சரித்தது. அண்ணன் பெயருக்கு வந்த மருந்தைத் தம்பி சாப்பிடுவதைப் போன்றதுதான் இது. பெரும்பாலும் ஒத்துக்கொண்டது.

வெளியார் செய்யும் வேலை நன்மையாகவே முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். ரூபாய்க் குறியின் கதையைக் கேளுங்கள். தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார் வரைந்த குறியை மத்திய அமைச்சரவை 2010-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஒருங்குறியில் அதற்கு இடம் கிடைத்தது. விண்டோஸ் 7-க்கு நிறுவனம் திருத்தம் வழங்கியது, எக்ஸ்பிக்கு வரவில்லை. ஆனால் ஒருங்குறியில் இடம் கிடைப்பதற்கு முன்பே, ஜூலை மாதத்திலேயே, ஓர் இந்திய மென்பொருள் நிறுவனம் ஆர்வத்தோடு ஓர் எழுத்துருவை இலவசமாக வெளியிட்டது. விசைப்பலகையின் இடது மேல் மூலையில் உள்ள சிறு சாய்கோட்டின் இடத்தில் ரூபாய்க் குறியை அது வைத்தது. பாமினிக் கதையேதான். அந்த எழுத்துரு இருக்கும் பொறியில் ரூபாய். இல்லாத பொறியில் வெறும் சாய்கோடு. இன்றும் பழைய விலைப்பட்டியல்களில், தொகைக்கு முன்னால் பொருளற்ற ஒரு சாய்கோடு நிற்பதை நீங்கள் பார்க்கலாம். என் கட்டில், ஒருங்குறியின் உரிய இடத்திலேயே குறியைக் கொண்ட எழுத்துரு ஒன்றைத்தான் சேர்த்தேன். மெதுவான வழி, ஆனால் கோப்பு பொய் சொல்வதில்லை.

கட்டு செய்பவனால் முடியாதது எது? மூல நிரல் அவன் கையில் இல்லை. நிறுவனம் கொடுத்தவற்றை அடுக்கலாம். உறவு முறையில் உள்ள வேறு பதிப்பிலிருந்து கடன் வாங்கலாம். மிக வல்லவரானால் பொறிமொழியைப் பிரித்து ஓரிரு இடங்களைத் தைக்கலாம். புதிதாக ஓர் ஓட்டை வெளிப்பட்டால், அதை அடைப்பது அநேகமாக அவன் சக்திக்கு அப்பாற்பட்டது. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் வானாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் வேலை தடைப்பட்டது. அதன் வழியை அடைக்கும் திருத்தத்தை மார்ச் மாதத்திலேயே நடப்பிலிருந்த பதிப்புகளுக்கு நிறுவனம் வெளியிட்டிருந்தது. தாக்குதல் நடந்தபோது, விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் வழங்கியது. அன்று அதிகமாகப் பாதிக்கப்பட்டவை எக்ஸ்பிப் பொறிகள் அல்ல, திருத்தம் கிடைத்திருந்தும் நிறுவப்படாத விண்டோஸ் 7 பொறிகள் என்று பின்னர் தெரியவந்தது. பெட்டியில் வந்து கிடந்த கடிதத்தைப் பிரித்துப் பார்க்காதவர்கள் அவர்கள்.

ஆகவே, பணமும் பலருடைய ரகசியமும் இருக்கும் இடத்தில் இப்படிப்பட்ட கட்டுகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளக் கூடாது என்பதே என் அபிப்பிராயம். பணம் வழங்கும் பொறிகளின் இயங்குதளங்களைப் படிப்படியாக மாற்றி, 2019-ஆம் ஆண்டு ஜூனுக்குள் முடிக்குமாறு ரிசர்வ் வங்கி 2018-இல் உத்தரவிட்டது சரியான காரியம். 2014-இல் தமிழக அரசு எக்ஸ்பிக்கு மாற்றாகப் பாஸ் லினக்ஸைப் பயன்படுத்துமாறு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. சி-டாக் ஆக்கி 2007-இல் வெளியிட்ட அந்த இயங்குதளம் டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. அத்தகைய தளத்தை ஆக்கியவர் விட்டுப் போனாலும், திறமையுள்ள வேறொருவர் எடுத்துத் திருத்தலாம். மூடிய நிரலில் அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் அச்சகத்தின் பூட்டும் எழுத்துருவும் பாஸ் லினக்ஸில் ஓடா.

விண்டோஸ் 10-க்கும் பொதுவான பராமரிப்பு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் முடிவடைந்தது. நேயர்களில் பலருடைய வீட்டில் இருப்பது அதுவாகத்தான் இருக்கும். நான் எக்ஸ்பிக்குச் செய்ததை இனி உங்களில் யாரேனும் அதற்குச் செய்ய நேரலாம்.

பின்கட்டுப் பொறியை நான் இணையத்தோடு இணைப்பதில்லை. பழைய கோப்புகளை அதில் திறந்து, எழுத்துகளை அட்டவணைப்படி ஒருங்குறிக்கு மாற்றி, பென்டிரைவில் முன்கட்டுக்குக் கொண்டுசெல்கிறோம். அந்தப் பென்டிரைவும் முன்கட்டில் ஒரு முறை சோதிக்கப்பட்ட பிறகே பின்கட்டுக்குத் திரும்பும். எழுத்து வந்துவிடுகிறது, அலங்காரம் வருவதில்லை, அதைக் கையால் மறுபடி அடுக்க வேண்டியிருக்கிறது. மணிவிழா மலர்களை முடித்துவிட்டோம். கோயில் புள்ளிக் கணக்குகள் பாதி நிற்கின்றன.

சென்ற மழைக்காலத்தில் அந்தப் பொறி என் கட்டை ஏற்க மறுத்தது. அதுவரை செல்லுபடியாகிவந்த கையொப்பங்களெல்லாம் செல்லாதவை என்று ஒவ்வொன்றாகத் தள்ளியது. மூன்று மணி நேரம் அட்டவணையைப் புரட்டினேன். வரிசை சரி, பதிப்பு சரி, கைரேகை எண்ணும் சரி. பிறகு, திரையின் மூலையில் இருந்த தேதி தற்செயலாகக் கண்ணில் பட்டது. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்து, பொறி தான் பிறப்பதற்கும் முந்திய ஒரு தேதிக்குப் போயிருந்தது. இன்னும் எழுதப்படாத கையொப்பங்களை அது எப்படி நம்பும்? கடைத்தெருவில் புதிய மின்கலம் வாங்கிப் போட்டு, தேதியைத் திருத்தியதும் கட்டு முணுமுணுப்பின்றி ஏறியது. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், எல்லாத் திருத்தங்களுக்கும் மேலே, மின்கலம் மாற்றிய நாளை எழுதிவைத்திருக்கிறேன்.